பதினைந்தாம் தேதிப் பட்டியல்

காவ்சியுங் அலுவலகத்தின் இரண்டாம் சர்வருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தைபேயிலுள்ள முதல் சர்வரில் பெயர்ப் பட்டியலின் தேதி எண் கூடினால், அப்படியே நகலெடுக்கும். ஊழியர் ஒவ்வொருவரின் கணினிக்கும் அதில் அவர் பெயரே உண்டு. விலகினாலோ இறந்தாலோ நீக்குபவள் தைபேயிலிருக்கும் யூஃபென் ஒருத்திதான்.

இன்று தேதி பதினான்கு; முதல் சர்வரின் எண்ணும் அதுவே. இரண்டாம் சர்வரிலோ பதினைந்து. அதில் காவ்சியுங் ஊழியர் குவோவின் பெயரைக் காணோம்.

போன் செய்தாள். “குவோ அண்ணே, பட்டியல்ல கை வச்சீங்களா?”

“சர்வர் மக்கர் பண்ணாம இருக்க அது மேல காவலுக்கு வைப்போமே, அந்தப் பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டத்தான் மாத்தினேன்.”

“வேலைய விடறீங்களா?”

“நீ விரட்டினாதான் உண்டு தங்கச்சி.”

பதினைந்தைத் தாண்ட, போனை வைக்காமலே முதல் சர்வரில் பதினாறு போட்டாள். இரண்டாவது நகலெடுத்தது, குவோ வந்துவிட்டார். அவளுக்கு மூச்சு வந்தது.

மறுபடி பார்த்தாள். இரண்டாம் சர்வரில் அதுவாகவே பதினேழு. குவோ இருந்தார். யூஃபென் இல்லை.

“தங்கச்சி, லைன்ல இருக்கியா?”