லிங்க் மட்டும்

பஸ் ஐந்தருவியில் போய் நிற்பதற்குள் இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். முத்துச்செல்வம் செல்போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நம்பிராஜன் வெளியேறினார், தங்கபுஷ்பம் வெளியேறினார் என்று திரையில் வரிசையாக விழுந்திருந்தது. எண்பது பேர் இருந்த ‘தென்காசிச் சாரல் யூடியூபர்ஸ்’ வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது மிச்சம் பதினோரு பேர்.

குரூப்பை ஆரம்பித்தவரும் அட்மினும் அவர்தான். ஒருவர் வீடியோ போட்டு லிங்க் அனுப்பினால், மற்ற எல்லாரும் பார்த்து லைக் போட்டுக் கமெண்ட் எழுத வேண்டும். அரட்டை கூடாது, காலை வணக்கம் கூடாது, லிங்க் மட்டும்தான். தீபாவளி வாழ்த்துப் போட்ட சொந்த மச்சினனையே தூக்கி வெளியே போட்ட ஆள் அவர்.

ஒரு நாளைக்கு எத்தனை லிங்க் வந்தாலும் முதல் கமெண்ட் அவருடையதாகத்தான் இருக்கும். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க அவருக்கு என்ன பைத்தியமா? நாலைந்து பாராட்டுகளை எழுதி வைத்திருந்தார், எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

இந்தக் குரூப்பை நம்பித்தான் பாவூர்சத்திரம் காய்கறி மண்டி வேலையை விட்டிருந்தார். அவர் சேனலைப் பார்ப்பதே இவர்கள்தான். இவர்களும் போய்விட்டால், மறுபடி அதே முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு மூட்டைக்குச் சீட்டு எழுத வேண்டும். "உங்க குரூப்பு, சீசன் முடிஞ்ச அருவி மாதிரில்லா வத்துது" என்று காலையில் மனைவி அனுசியா வேறு சொல்லிவிட்டாள்.

எவனோ போட்டிக் குரூப் ஆரம்பித்து ஆளை இழுக்கிறான். யார் என்பதும் அவருக்குத் தெரியும். முதலில் வெளியே போனவன் ஐந்தருவிச் சிப்ஸ் கடை குத்தாலிங்கம். அதற்கு மறுநாளிலிருந்துதான் சரசரவென்று ஆள் குறைந்தது. இரண்டு வாரமாக அவன் கடையும் பூட்டிக் கிடந்ததாம். வியாபாரம் நடக்கிற சாரல் சீசனில் கடையைப் பூட்டுகிறவன் சும்மாவா பூட்டுவான்? ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்திருப்பான், களவாணிப் பயல்!

இன்றைக்குக் கடை திறந்திருந்தது. மொட்டைத் தலையும் மழித்த மீசையுமாக, குத்தாலிங்கம் நேந்திரங்காய்ச் சிப்ஸைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தான். செய்வதையும் செய்துவிட்டு, திருச்செந்தூரில் போய் முடி வேறு இறக்கிவிட்டு வந்திருக்கிறான் பார் என்று முத்துச்செல்வத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, வெளிய வாலே!"

"வாங்க அண்ணாச்சி." குத்தாலிங்கம் பொட்டலத்தை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"என்ன வாங்க நொய்ங்கன்னுட்டு? எத்தன பேரலே இழுத்த? புதுக் குரூப்புக்கு நீதான அட்மினு?"

"நான் எந்தக் குரூப்பும் ஆரம்பிக்கல."

"பெறவு எதுக்குலே எல்லாரும் போறாவ? ஒனக்கு என்ன கொறன்னு குரூப்புல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"லிங்க் தவிர வேற எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான். அதான் லிங்க் மட்டும் போட்டேன்."

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்துப் பழக்கடை மசூது அண்ணாச்சி எழுந்து வந்து, "இப்பம் வேண்டாம், பெறவு பேசிக்கிடுங்க" என்று முத்துச்செல்வத்தின் கையைப் பிடித்தார். அவர் உதறினார். இங்கே விட்டால் நாளைக்கு மண்டிதான் என்பது மட்டுமே அவர் மண்டையில் ஓடியது.

"இன்னைக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்! சொல்லுலே, எப்பிடிப் போனாவ?"

"என் கடைசி வீடியோவ எல்லாரும் பாத்தாவ. அடியில நீங்க போட்ட கமெண்டையும் பாத்தாவ. அவங்களாத்தான் போனாவ. நான் யாரையும் கூப்புடல அண்ணாச்சி."

"என் கமெண்டப் பாத்தா? யாரு காதுலலே பூச்சுத்துத? மொதக் கமெண்டே என்னுதுதானலே! லிங்க் விழுந்த ஒடனே போட்டேன். இதுக்கு மேல ஒரு அட்மின் என்னத்தச் செய்யணும்?"

குத்தாலிங்கம் கையைத் துடைத்துவிட்டுச் செல்போனை எடுத்து, அந்தக் கமெண்டைத் தேடி நீட்டினான்.

"நீங்களே வாசிங்க."

"ஏன், வாசிக்க மாட்டனா?" முத்துச்செல்வம் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து வாசித்தார். "செம வீடியோ தம்பி! குடும்பத்தோட உக்காந்து பாத்து ரசிச்சோம். இதே மாதிரி வாரா வாரம் போடுங்க!"

போனை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார். "நீங்களே சொல்லுங்கய்யா, இதுல என்ன தப்பு இருக்கு?"

மசூது அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குத்தாலிங்கம் எட்டிப் போனை வாங்கினான்.

"எங்க அப்பாவச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போன வீடியோ அண்ணாச்சி, அது."