புயல் வலுவிழந்தது

காலையிலிருந்து ஏழாவது முறையாக அவர் மனைவிக்குப் போன் போட்டார். கடலோர வீட்டில் அவளும் பிள்ளைகளும். மூன்று மணி நேரப் பயணத் தூரத்து அலுவலகத்தில் இவர்.

"இன்னும் கிளம்பலையா? சாயங்காலம் அஞ்சு மணிக்குப் புயல் நம்ம தெருவுக்கே வந்துடும். முகாமுக்குப் போம்மா!"

"சும்மா நச்சரிக்காதீங்க. இப்பதான் துணி துவைச்சு மொட்டை மாடியில காயப் போட்டிருக்கேன்."

"காத்து எப்படி இருக்கு?"

"நல்லா அடிக்குது. சீக்கிரம் காஞ்சிடும்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ டிவி பார்க்கலையா?"

"பார்த்தேன். அதனாலதான் தைரியமா இருக்கேன். தெருவே அப்படித்தான் இருக்கு."

கெஞ்சினார், கத்தினார், பிள்ளைகள் மேல் ஆணையிட்டார். அவள் மசியவில்லை. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு குரலை மாற்றினார்.

"சரி, பயப்படாதே. புயல் வலுவிழந்துடுச்சு. ஒரு சொட்டு மழைகூட வராது. வீட்டிலயே நிம்மதியா இருங்க."

அவள் குரல் சட்டென்று மாறியது.

"நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?"

"நானேதான்."

போன் பட்டென்று கட்டானது.

இருபதே நிமிடத்தில் முகாமிலிருந்து மூச்சிரைக்கப் பேசினாள். "பிள்ளைங்களோட வந்து சேர்ந்துட்டேன். நீங்க சொன்னதைப் பக்கத்து வீட்டுல சொன்னேன். தெருவே செருப்புகூடப் போடாம ஓடி வந்துடுச்சு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தார் வானிலை ஆய்வு மைய இயக்குநர். ஊருக்கே இப்படிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தபடி, காத்திருந்த டிவி கேமராக்களை நோக்கி நடந்தார்.