தேய்ந்த டிஸ்க்

பழைய கார் விற்கும் தங்கள் கடையில், அன்று கைமாறவிருந்த காரின் சக்கரத்தைக் கழற்றிய மோகனப்பிரியா பிரேக் டிஸ்க்கைத் தடவினாள். விளிம்பு வரப்பு போல விரலில் தட்டியது.

"ரொம்பத் தேஞ்சு போச்சுங்க. இன்னைக்கே மாத்தோணும்."

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும். சக்கரத்தை மாட்டு," என்றான் கணவன் கௌதமன்.

"வாங்கறவங்க கொல்லிமலைக்குப் போறாங்களாமுங்க. எறக்கத்துல பிரேக் புடிக்கலீன்னா? உள்ள கொழந்தைங்க இருக்குமுங்க!"

"வாய மூடு."

வாசலில் ஆட்டோ நின்றது. காரை வாங்கியவர் மனைவி, குழந்தைகளோடு இறங்கி, "சாவி குடுத்தீங்கன்னா இப்படியே மலைக்குக் கெளம்பிருவோம். எங்களுக்கு இதான் மொதக் காருங்க," என்று சிரித்தார். "ஏனுங்க, சக்கரம் கழட்டியிருக்குது?"

"சும்மா தொடைச்சோமுங்க," என்றான் கௌதமன்.

மோகனப்பிரியா குறுக்கே வந்தாள். "இல்லீங்கண்ணா, டிஸ்க் தேஞ்சிருக்குது. மாத்தித்தான் தருவோம். நாளைக்கு வாங்க."

கௌதமன் முகம் கறுத்தது. கார்க் கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சிரித்த அவர்களின் சின்ன மகளைப் பார்த்தவன், அடுத்த சக்கரத்தைக் கழற்றக் குனிந்தான்.