ஒரே ஒரு 'நீங்க'

"அந்த ஒரு வார்த்தை போதும். தைசியா எப்படிப்பட்டவள்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு," என்றார் அவ்குஸ்தா லியோனிதவ்னா.

ரீபின்ஸ்க் நகரத்து ரயில்வேக்காரர் மன்றத்தில் படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. உலகப்போர் வெற்றித் திருநாள் வாரத்தில் எந்தப் படத்தைத் திரையிடுவது என்று முடிவு செய்பவர் அவர். முடிந்ததும் முன்னால் நின்று அதை அலசுபவரும் அவரே. போன ஆண்டும் இதே பழைய போர்க்காலக் காதல் படத்தைத்தான் போட்டார்.

படத்தில், போர்முனைக்குப் போன காதலன் பிளாத்தோனிடமிருந்து கடிதமே வருவதில்லை. காத்திருப்பதாக வாக்களித்த தைசியா, கடைசியில் ஒரு மருத்துவரை மணக்கிறாள். ஒருநாள் பிளாத்தோன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான். அவள் அவனிடம் சொல்வது இவ்வளவுதான்: "உள்ள வாங்க. நீங்க களைச்சிருப்பீங்க."

"அவன் போகும்போது 'நீ', 'வா'ன்னு உருகினவ," அவ்குஸ்தா தொடர்ந்தார். "வந்தவுடனே 'நீங்க'. தபாலாபீஸ்ல முன்பின் தெரியாதவன்கிட்ட பேசற மாதிரி. முகத்துக்கு நேரா கதவைச் சாத்திட்டா."

மூன்றாம் வரிசையில் ரிம்மா தலை நிமிரவில்லை. அவ்குஸ்தாவின் மருமகள் அவள். அவள் கணவன் வலேரி ஆப்கான் போரிலிருந்து மூடிய சவப்பெட்டியில் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டுமே.

பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடை ஃபயீனா காதைக் கடித்தாள். "படத்தையா திட்டறா? உன்னைத்தான்டி. போன வருஷமும் இதே பாட்டுதான்."

ரிம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. பின்னால் கதவோரமாக ஸகார் உட்கார்ந்திருந்தான். பாலம் கட்டும் பொறியாளன். வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க்கில் வேலை ஏற்க மறுநாள் புறப்படுகிறான். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ஓராண்டாகக் கேட்கிறான். அவளுக்கும் விருப்பம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், அவன் இடத்தில் இன்னொருவனை வைக்கப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

கணக்கர் மித்ரஃபான் சாவிச் தொண்டையைச் செருமினார். "டாக்டர் நல்ல மனுஷன்தானே. தன் பங்குச் சர்க்கரையைக்கூட அவளுக்கே குடுத்தாரே."

"சர்க்கரைக்கு மயங்கற மனசா அது? உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்க."

"எங்க வீட்டுல சர்க்கரையை இவர்தான் ஒளிச்சு வச்சுத் தின்னுவார்," என்றாள் அவர் மனைவி. கூட்டம் சிரித்தது.

அவ்குஸ்தா சிரிக்கவில்லை. "இந்தப் படத்தோட கரு காத்திருத்தல். அதுல அவ தோத்துட்டா. எனக்கு அவமேல இரக்கமே வரல. மறுத்துப் பேசறவங்க எழுந்து பேசலாம்."

அவர் பார்வை மூன்றாம் வரிசையில் வந்து நின்றது.

ரிம்மா எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நீங்க சொல்றது தப்பு, அவ்குஸ்தா லியோனிதவ்னா. அவ கதவைச் சாத்தலை. 'நீ'ன்னு சொல்லியிருந்தா அங்கேயே அவன் தோள்ல விழுந்திருப்பா. உள்ளே ஒரு மனுஷன் சூப்பைச் சூடு பண்ணி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல விழாம நிக்க, பிடிச்சுக்க அவளுக்கு அந்த 'நீங்க'தான் இருந்துச்சு."

"அப்போ குடுத்த வாக்கு?"

"செத்துட்டான்னு நினைச்சவனோட எவ்வளவு காலம் குடித்தனம் பண்ணுவா?"

"பண்ணியிருக்கணும். தாங்கிக்கத் தெம்பில்லாதவ எதுக்கு வாக்குக் குடுத்தா?"

"தாங்கிக்கறதைப் பத்தி எனக்கா சொல்றே?" ரிம்மாவின் குரல் உடைந்தது. "நீ உள்ளே அழுவே, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். உன்கிட்ட வந்து உட்காரவும் முடியல, உன்னை விட்டுட்டுப் போகவும் முடியல. அவளாவது வெளியே வந்தாளே!"

கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட 'நீங்க' தவறாத வாய் அது. ஊரறிய, மாமியாரைப் பார்த்து 'நீ'. ஃபயீனா வாய்வரை கொண்டுபோன வளைய ரொட்டியைக் கடிக்காமல் நிறுத்தினாள்.

ரிம்மா வெளிறிப்போனாள். "மன்னிச்சிடுங்க... நான் வேணும்னு..."

"திரும்பவும் 'நீங்க'வுக்குப் போயிடாதே," என்றார் அவ்குஸ்தா. கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பிறகு கதவோரம் பார்த்தார். "ஸகார் இலிச், நாளைக்கு ஏறவேண்டாம். புதன்கிழமை வண்டிக்கு மாத்திக்குங்க. ரெண்டு சீட்டு."

ஸகார் எழுந்து நின்றான்.

"இதென்ன கூத்து?" என்றாள் ஃபயீனா. "இவ்வளவு நேரம் அந்தத் தைசியாவைக் கரிச்சுக் கொட்டினீங்களே?"

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு குத்தமும் இல்லை. இவ ஒருதடவையாவது என்கிட்ட சண்டைக்கு வரணும்னுதான் ரெண்டு வருஷமா அவளைத் திட்டறேன்."

"அதுக்கு இத்தனை சுத்து வழியா? போய் நல்லா இருடின்னு வீட்டுலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவ்குஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மருமகளைப் போன்னு சொன்னா, துரத்தறதா ஆயிடும், ஃபயீனா. மகளைத்தான் கட்டிக்கொடுக்க முடியும்."