செத்தவர் டீ குடிக்கிறார்

முந்தின படத்தின் முடிவில் எல்லோர் கண் முன்னாலும் செத்துப்போன சாகச நாயகன், இந்தப் படத்தில் எப்படி உட்கார்ந்து டீ குடிக்கிறான்? பஞ்சாபகேசனுக்குப் பிடிபடவில்லை. தம்பானூர் தியேட்டரில் பகல் காட்சி முடிந்து, பெயர்கள் ஓடுகிற நடுவில் வந்துபோன சின்னத் துணுக்கு அது. இப்போது மறுபடியும் பெயர்கள் மேலேறிக்கொண்டிருக்கின்றன. பாதி விளக்குகள் எரிகின்றன. அந்த மங்கல் மஞ்சளில் காலடியில் சிந்திய பாப்கார்ன் தெரிகிறது. ஆட்கள் எழ எழ இருக்கைகள் படக் படக்கென்று மடங்குகின்றன. துடைப்பத்தோடு வந்த பெண், "சாரே, படம் கழிஞ்ஞு" என்று படம் முடிந்துவிட்டதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறாள். மனைவி பாகீரதி கைப்பையை மடியில் வைத்தபடி அசையாமல் இருக்கிறாள். இந்தத் தொடர்கதைப் படங்கள் எல்லாவற்றுக்கும் கூட வந்தவள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று அவர் வழியெல்லாம் விளக்கக் கேட்டவள். "ஏன்னா, இதுக்கு பதில் சொல்லலேன்னா அடுத்த படத்துக்கு நீங்க தனியாத்தான் வரணும்" என்கிறாள். தனியாகப் படம் பார்ப்பது அவருக்கு ஆகாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கிறார். அவள் விடுவதாயில்லை. "செத்தவர் ஜம்முனு உக்காந்துண்டு, அஞ்சு விரலாலயும் கப்பைப் பிடிச்சுண்டு..." துடைக்கிற கை நிற்கிறது. "ரெண்டாவது படத்துலயே அவனுக்குச் சுண்டுவிரல் போயிடுத்தே, பாகீ! அஞ்சும் இருக்குன்னா இது அதுக்கு முன்னாடி நடந்தது. அவன் பிழைச்சு வரலை. பழைய கதையைக் கடைசில காட்டியிருக்கா, அவ்வளவுதான்."