பதினான்கு கடிதங்களும் ஒரு வேலியும்

பக்கத்து வீட்டு டீச்சருக்கு மனசாட்சி என்று ஒன்று கிடையாது என்பதற்கு ஹெட்கிளார்க்கிடம் பதினான்கு ஆதாரங்கள் இருந்தன. பதினான்கும் அவரே எழுதிய கடிதங்கள்.

முப்பத்தாறு வருஷம் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு ரிடையர் ஆனவர். பால்காரர் தாமதமாக வந்தால்கூட, எழுத்து மூலம் கேட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

கடிதங்களின் பொருள், வேலியோரம் நின்ற மரம். டீச்சர் பக்கம் நின்றுகொண்டு, இவர் வீட்டுச் சமையலறை மேல் சாய்ந்திருந்தது. ஆறு வருஷமாக எழுதுகிறார். டீச்சர் ஒன்றுக்குக்கூடப் பதில் போடவில்லை. வருஷம் ஒரு தடவை யாரையோ மரத்தில் ஏற்றி ஏதோ செய்துகொள்வார், அவ்வளவுதான்.

"நேர்ல போய் ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?" என்பாள் மனைவி.

"வாயால சொன்னா காத்தோட போயிடும். நாளைக்கு ஒண்ணுன்னா எழுத்துதான் பேசும்."

அந்த 'நாளைக்கு' போன வாரமே வந்துவிட்டது. அடித்த காற்றில் மரம் பாதியில் முறிந்து, சமையலறைக் கூரையின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டது. அடுப்பருகில் நின்ற மனைவிக்கு நல்ல வேளையாக ஒரு கீறலும் இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் புதுக் கூரை. இல்லாவிட்டால் பென்ஷன் வாங்கி வாங்கி, தார்ப்பாய்க்குக் கீழேதான் காலமெல்லாம் சமையல்.

கம்பெனியிலிருந்து வந்த சர்வேயர் ஒரு சின்னப் பெண். தோளில் பை, கையில் அளவு டேப். ஹெட்கிளார்க் ஃபைலை நீட்டினார்.

"எல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்கேம்மா. ஏழாவதை மட்டும் விட்டுடாதீங்க, அது நல்லா வந்திருக்கும்."

அவள் ஏழாவதைப் பிரித்தாள். "'அறிவுள்ள எவரும் இம்மரத்தை இந்நிலையில் விட்டுவைக்க மாட்டார்.' நீங்க எழுதினதா சார்?"

"நானேதான்."

"அப்ப மரம் ஆபத்துன்னு ஆறு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"நல்லாத் தெரியும். அந்தம்மாதான் கண்டுக்கவே இல்ல."

அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு இரண்டு எல்லைக் கல்லையும் தேடிப் பிடித்து, நடுவே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினாள். கயிறு நேராகப் போய், மரத்துக்கு அந்தப் பக்கமாகக் கடந்தது.

"சார், வேலி எல்லா இடத்துலயும் நேராப் போகுது. மரத்துக்கிட்ட மட்டும் ஏன் உங்க பக்கமா வளையுது?"

ஹெட்கிளார்க் தொண்டையைச் செருமினார். மனைவி முந்திக்கொண்டாள்.

"இலையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டினா நமக்குக் கூட்டுற வேலை மிச்சம்னு இவர்தான் வளைச்சுப் போட்டாரு. பன்னிரண்டு வருஷம் இருக்கும்."

உண்மை பேச அவள் நேரம் காலம் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அது அவருக்கே சௌகரியமாக மறந்துபோயிருந்தது.

"அப்ப இது உங்க மரம் சார்," என்றாள் சர்வேயர். "உங்க மரம் ஆபத்துன்னு தெரிஞ்சும் நீங்க சும்மா விட்டிருந்தா கம்பெனி பணம் தராது. தெரியும்னு நீங்களே பதினாலு தடவை கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

ஹெட்கிளார்க் ஃபைலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அவள் தரவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா சும்மா விட்டதாவும் தெரியலையே. கூரைப் பக்கம் வந்த கிளையை எல்லாம் வருஷா வருஷம் கழிச்சிருக்காங்க. வெட்டின இடத்துல தார் பூசியிருக்காங்க. உங்க வீட்டு மேல விழாம இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்காங்க. அந்தக் கம்பி பிடிச்சதாலதான் ஒரு மூலையோட போச்சு. இல்லேன்னா மொத்தமும் அடுப்பு மேலதான். யார் செஞ்சது?"

மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே வாசற்படியில் உட்கார்ந்து டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"யார் செஞ்சா என்ன, பராமரிச்ச மரம். அப்படியே எழுதிடறேன். பணம் வந்துடும் சார்," என்று சொல்லிவிட்டு சர்வேயர் கிளம்பினாள்.

ஹெட்கிளார்க்குக்குச் சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது. பதினோராவது கடிதம் அந்தக் கம்பியைக் கண்டித்து எழுதியது. பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதாம்.

முதல் தடவையாகக் கையில் காகிதம் இல்லாமல் வேலியருகே போனார்.

"டீச்சர், மரம் என்னுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க வேலியை வளைச்சப்ப நான் ஜன்னல்லதானே சார் நின்னுக்கிட்டிருந்தேன்."

"அப்ப, 'மரம் உங்களுது, நீங்களே பார்த்துக்குங்க'ன்னு முதல் லெட்டருக்கே பதில் போட்டிருக்கலாமே?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"போட்டிருக்கலாம் சார். அதுக்கு நீங்க ஒரு பதில் எழுதுவீங்க, அதுக்கு நான் ஒண்ணு எழுதணும். நாம எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த மரத்துக்குக் கீழ நின்னு சமைக்கிறது உங்க வீட்டம்மாதானே?"