பச்சையாகத்தான் எரிந்தது

சவரிமுத்துவின் மார்பில், இதயத்தைக் கண்காணிக்க, தோல்போல் வளையும் லேசர் படலம் ஒன்றை ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்தார்கள். இதயம் சீராகத் துடித்தால் பச்சையாக ஒளிரும், தடுமாறினால் சிவப்பாக மாறும். சட்டைக்கு வெளியிலேயே தெரியும். அது வந்த பிறகு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பதையே அவர் மனைவி ரெஜினா விட்டுவிட்டாள்.

தங்கை மகள் கல்யாணத்துக்காக அவள் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய காலையில், "கொஞ்சம் இருந்துட்டுப் போயேன் ரெஜினா, ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர்.

அவள் அவர் மார்பைப் பார்த்தாள். "பச்சையாத்தான எரியுது! பஸ் போயிரும், வந்து கேக்கேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து அவருக்குப் பேச்சும் எழுதும் கையும் போய்விட்டன. இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க? பிள்ளைங்களப் பத்தியா? எம்மேல ஏதும் கோவமா?" என்று கேட்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லையென்று தலையசைக்கிறார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்குச் சொல்வதற்கு வேறு என்ன இருந்திருக்கும் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. அவர் வாயோரம் வழிவதைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொள்கிறாள்.